தவக்கால வாசிப்பு: பாடு, பலி, சாட்சி

கேள்வி இது. சென்னையில் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் கொண்ட ஒரு குழு. சிலர் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகள், சிலர் சி.எஸ்.ஐ., ஓரிருவர் பெந்தெகொஸ்தே. தவக்காலத்தில் வாரம் ஒருமுறை கூடி, தியாகமும் துன்பமும் பற்றிய கிறிஸ்தவ எழுத்துகளையும் அப்படி வாழ்ந்தவர்களின் வரலாற்றையும் வாசிக்க நினைக்கிறார்கள். எதை எடுப்பது, எந்த வரிசையில், எங்கே சிக்கல் வரும்?

முதலில் நாள் கணக்கு. சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின நாள் வரை 46 நாள்; ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஆனால் குருத்தோலை ஞாயிறு வந்துவிட்டால் வாசிப்புக்கு ஆள் வராது. பாடகர் குழு ஒத்திகை, பெரிய வியாழன், பெரிய வெள்ளியின் மும்மணி ஆராதனை என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கம் போய்விடுவார்கள். ஆகவே ஐந்து அமர்வு, ஒரு நடை என்று திட்டமிடுங்கள். பெந்தெகொஸ்தே வீட்டில் தவக்காலம் என்ற வழக்கே இருக்காது. அவர்களிடம் ‘40 நாள் உபவாசம்’ என்று சொன்னால் விளங்கும்.

வாசிப்பைத் தொடங்குமுன் சொற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பிறகு வரும் சண்டைகளில் பாதி சொல்லால் வருவது. ‘பாடு’ என்ற சொல்லை எடுங்கள். இயேசுவின் பாடுகள் என்கிறோம். ‘பாடுபட்டு வளர்த்தேன்’ என்று அம்மாவும் சொல்கிறார். வேதனையும் உழைப்பும் தமிழில் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. ஏசாயா 53இல் பழைய மொழிபெயர்ப்பு ‘துக்கம் நிறைந்தவரும், பாடு அநுபவித்தவருமாயிருந்தார்’ என்று சொல்லும்போது தமிழ்க் காதில் வலியோடு வேலையின் களைப்பும் சேர்ந்தே விழுகிறது. ‘தியாகம்’ என்றால் தானாக விட்டுக்கொடுப்பது. ‘பலி’ அப்படியல்ல, ஒருவர் தன்னையும் பலியாகக் கொடுக்கலாம், அடுத்தவரையும் பலியாக்கலாம். பலிகடாவிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. சீர்திருத்தச் சபையார் ‘இரத்தசாட்சி’ என்பதைக் கத்தோலிக்கர் ‘மறைசாட்சி’ என்பார்கள். பழைய புத்தகங்களில் ‘வேதசாட்சி’. மூலக் கிரேக்கச் சொல்லுக்கு நீதிமன்றத்தில் நிற்கிற சாட்சி என்பதுதான் பொருள். இரத்தம் பிறகு வந்து சேர்ந்தது. இரண்டு வழக்கையும் அப்படியே புழங்க விடுங்கள், ஒன்றாக்க முயல வேண்டாம்.

எந்த நூலை எடுத்தாலும் இரண்டு கேள்வியைக் கையில் வைத்திருங்கள்: இந்தத் துன்பத்தை இவர் தானே ஏற்றாரா, இவர்மேல் சுமத்தினார்களா? இதனால் யாருக்கு என்ன கிடைத்தது? ‘துன்பம் புனிதமானது’ என்று மொத்தமாகப் பேசுகிற பேச்சு இந்த இரண்டு கேள்விக்கு முன் நிற்காது.

முதல் வாரம் புத்தகம் வேண்டாம், நடையை வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை 6 மணிக்குச் சின்னமலை. பிறகு பரங்கிமலை, கடைசியில் சாந்தோம். இயேசுவின் சீடர் தோமா ஒளிந்திருந்த இடம், கொல்லப்பட்ட இடம், அடக்கம் செய்யப்பட்ட இடம் என்று மரபு சொல்லும் வரிசை அது. சின்னமலையில் மெட்ரோ ஏறி ஆலந்தூரில் மாறினால் பரங்கிமலை நிலையம். மலைக்கு ஏறும் கருங்கல் படிகள் நூற்றுக்கு மேல்; 1726இல் அர்மீனிய வணிகர் கோஜா பெட்ருஸ் உஸ்கான் கட்டுவித்தவை. படியோரம் சிலுவைப்பாதை நிலைகள் இருக்கின்றன. 8 மணிக்குள் இறங்கிவிடாவிட்டால் மார்ச் வெயிலில் கல் சுடும்; மலைமேல் செருப்பைக் கழற்றினால் தெரியும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் அவசியம். அங்கிருந்து சாந்தோமுக்குப் பேருந்தோ ஆட்டோவோதான்.

மலைமேல் பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தோமா கி.பி. 72இல் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பது இங்குள்ள மரபு. ‘தோமாவின் பணிகள்’ என்ற மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாக் நூலும் அரசன் ஆணையால் வீரர்கள் ஈட்டியால் குத்தியதாகவே சொல்கிறது. ஆனால் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ வேறு கதை கேட்டிருக்கிறார்: தோமா ஜெபித்துக்கொண்டிருந்தபோது மயில் வேட்டைக்கு வந்தவன் எய்த அம்பு தவறி அவர்மேல் பாய்ந்தது. மயிலாப்பூருக்கு ஏற்ற கதைதான்! ஒரே சாவு, ஒரு கதையில் இரத்தசாட்சி, மறு கதையில் விபத்து. விபத்தாக இருந்தால் அந்தச் சாவின் மதிப்பு குறைந்துவிடுமா என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் ஓடும். யோவான் 11:16இல் ‘அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம்’ என்று சொன்னவரும் இதே தோமாதான். சொன்ன பிறகு கெத்செமனேயில் எல்லோரோடும் சேர்ந்து ஓடினார். மலைக் கோயிலில் உள்ள கற்சிலுவை 1547இல் அடித்தளம் தோண்டும்போது கிடைத்தது. அதிலுள்ள எழுத்து பாரசீகப் பகலவி. எழுத்தைப் பார்த்தால் தோமாவுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. இதை அங்கே சத்தம்போட்டு வாதாட வேண்டாம், வேண்டுதலுக்கு வந்தவர்கள் சுற்றிலும் இருப்பார்கள்.

இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் யோபு. இரண்டு வாரம் அதிகம் என்று தோன்றும், இல்லை. 42 அதிகாரத்தையும் வாசிக்க முடியாது. 1 முதல் 3 வரை ஒரு வாரம். 16, 19, 38இன் முதல் பாதி, 42 மறு வாரம். சென்னைச் சுவர்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளால் ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்ற வரி எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலோர் அறிந்த யோபு அந்த வரியோடு முடிந்துவிடுகிறார். அது முதல் அதிகாரம். மூன்றாம் அதிகாரத்தில் அதே மனிதர் தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார், அதன்பின் 31ஆம் அதிகாரம் வரை வழக்காடுகிறார். குழு 1:21இல் நின்றுவிட்டால் அந்த நூலை வாசித்ததாகவே ஆகாது.

தமிழ்க் குழுவில் யோபுவைத் திறந்ததும் அரிச்சந்திரன் வந்து நிற்பான். வரட்டும். மேலே பந்தயம், கீழே ஒரு நல்லவனின் வீடு இடிவது: வசிட்டனும் விசுவாமித்திரனும் வாதிட்டது போலவே இங்கே சாத்தான் கடவுளிடம் வாதிடுகிறான். ஆனால் அரிச்சந்திரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றி மயானம் வரை வாய்திறவாமல் போகிறான். யோபு வாயை மூடவில்லை. ‘ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்’ என்று கேட்டு வளர்ந்த நமக்கு, துன்பம் வந்தால் ஏதோ செய்திருப்பான் என்ற கணக்கு இரத்தத்தில் ஊறியது. யோபுவின் நண்பர்களும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள், அழகாகவும் போடுகிறார்கள். 42:7இல் கடவுள் கோபம் கொள்வது முறையிட்ட யோபுவிடம் அல்ல, தம் சார்பாகப் பேசிய அந்த நண்பர்களிடம். அவர்கள் சரியாகச் செய்தது ஒன்று உண்டு: 2:13இல் ஏழு நாள் இரவும் பகலும் வாய்திறவாமல் அவரோடு தரையில் உட்கார்ந்தது. துக்க வீட்டுக்குப் போய் என்ன பேசுவது என்று யாராவது கேட்டால் அந்த வசனத்தைக் காட்டுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் தவறிவிடும். கடைசியில் யோபுவுக்கு ஆடும் ஒட்டகமும் இரட்டிப்பாகக் கிடைக்கின்றன. பிள்ளைகள் மட்டும் முன்போலவே பத்து. இறந்த பிள்ளைகளும் கணக்கில் இருப்பதால்தான் இரட்டிப்பாகவில்லை என்று பழைய உரைகாரர்கள் சிலர் சொல்வார்கள். எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. பிள்ளைக்குப் பிள்ளை ஈடாகாது என்பதை அந்த நூல் சொல்லாமல் விட்டிருப்பதே கனமாக இருக்கிறது.

ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதையை (ஆதியாகமம் 22) தனி அமர்வாக்க வேண்டாம். நேரம் மிஞ்சினால் மூன்றாம் வாரத்தின் கடைசியில் வையுங்கள். பெரியபுராணச் சிறுத்தொண்டரோடு சேர்த்து வாசித்தால் கூர்மை வரும். சீராளனை அறுத்தே கறி சமைக்கிறார்கள். அழைத்தபோது அவன் ஓடிவருகிறான். ஈசாக்கின்மேல் கத்தி இறங்குமுன் தடை வருகிறது. இரண்டிலும் பிள்ளையின் குரல் எவ்வளவு கேட்கிறது என்று எண்ணிப்பார்க்கச் சொல்லுங்கள். ஈசாக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறான்: ஆட்டுக்குட்டி எங்கே?

நான்காம் வாரம் தேவசகாயம். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் (1741) பிடிபட்டு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கு வந்த டச்சுத் தளபதி டி லனாய் அவருக்கு நண்பர். வீட்டில் மாடுகள் செத்து, நட்டம்மேல் நட்டம் வந்த காலத்தில் டி லனாய் அவருக்குச் சொன்னது யோபுவின் கதை என்று மரபு சொல்கிறது. இதனால்தான் யோபுவுக்குப் பின் இவரை வைக்கச் சொல்கிறேன். ஒரு கதை ஓர் உயிருள்ள மனிதரிடம் போய் என்ன செய்தது என்பதைப் பார்க்கலாம். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. லாசரஸ் என்ற பெயரைத் தமிழாக்கினால் ‘தேவசகாயம்’. 1749இல் கைது, சுமார் மூன்றாண்டு வதை, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம். அப்போது ‘பிள்ளை’ என்ற சாதிப்பெயர் விடப்பட்டது. இந்த இடத்தில் குழு சாதிப் பேச்சுக்குள் இறங்கும். இறங்கட்டும், தவிர்க்க வேண்டியதல்ல. 20 நிமிடத்துக்கு மேல் போனால் ஆறாம் வாரத்துக்கு ஒத்திவையுங்கள், அங்கே அதற்கு இடம் இருக்கிறது.

அதே அமர்வில் அருளானந்தர் என்று இங்கே அறியப்பட்ட குரு ஜான் தெ பிரிட்டோவையும் தொடுங்கள், ஆனால் வேறு கோணத்தில். லிஸ்பனில் பிறந்த அவரை 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலைவெட்டினார்கள். அதற்கு முன் நடந்ததை மேடைகளில் வேகமாகக் கடந்துவிடுவார்கள்: மறவர் தலைவர் தடியத்தேவர் திருமுழுக்குக்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி இராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவு. அவள் முறையீடுதான் அருளானந்தரின் சாவுக்கு வழிவைத்தது. அந்தப் பெண் வில்லியாகவே நமக்கு அறிமுகம். தன்னைக் கேட்காமல் எடுத்த முடிவால் ஒரே நாளில் வீடிழந்தவள் அவள். யாருடைய தியாகத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கேள்வி இங்கே தானாக எழும். அருளானந்தரின் துணிவு இதனால் குறையாது.

இதற்கு எதிர்முனையில் ஜப்பானிய எழுத்தாளர் எண்டோ ஷுசாகுவின் ‘மௌனம்’ (1966) நாவல் நிற்கிறது. கிறிஸ்துவின் உருவத்தை மிதித்தால் குழியில் தலைகீழாகத் தொங்கும் விசுவாசிகளை விடுவிப்போம் என்கிறார்கள் அதிகாரிகள், குரு மிதிக்கிறார். உயிரைக் கொடுத்த தேவசகாயமும் விசுவாசத்தின் பெயரையே கொடுத்துவிட்ட அந்தக் குருவும். யார் அதிகம் கொடுத்தார்? நாவலை முழுதும் வாசிக்க நேரமிருக்காது. ஒருவர் கதையைப் பத்து நிமிடத்தில் சொன்னால் போதும்.

தமிழ்க் காப்பியங்களைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். வீரமாமுனிவரின் தேம்பாவணி 3615 பாடல், சூசையப்பர்தான் தலைவர். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 3766 பாடல், 1894இல் வெளிவந்தது. உரையில்லாமல் இரண்டும் ஓடாது. பின்னதில் குமார பருவத்தின் இரட்சணிய சரிதப் படலத்தை மட்டும் எடுங்கள், அதிலும் 15 பாடலுக்கு மேல் வேண்டாம். இந்நூலுக்கு மூலம் ஜான் பன்யனின் ஆங்கில நூல் ‘பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்’. பன்யன் பெட்ஃபோர்டு சிறையில் 12 ஆண்டு கிடந்தவர். ஆனால் இயேசுவின் பாடுகளைக் கண்முன் நிறுத்தும் இந்தப் பகுதி கிருஷ்ணபிள்ளை தாமாக விரித்தது. கம்பனில் ஊறிய கை என்பது முதல் பாடலிலேயே தெரியும். மௌனமாக வாசித்தால் செத்துப்போகும், ராகமாக வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழையுங்கள். ஐந்தாம் வாரத்தின் முதல் அரைமணி இதற்கு.

மீதி நேரத்தை பால் பிராண்டுக்குக் கொடுங்கள். கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர். வேலூரில் தொழுநோயாளர் கைகளைச் சீராக்கியவர். விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போனதால் காயப்பட்டு அழிகின்றன என்பதை நிறுவியதில் அவர் பங்கு பெரிது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது. இரவில் எலி கடித்தாலும் தெரியாது. அதனால் நோயாளர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். செருப்புக்கு மென்மையான நுண்துளை ரப்பர் போட்டார்கள். இன்று நீரிழிவுக்காரர்கள் வாங்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்தது. வலி ஒரு கொடை என்று அவர் எழுதியது இந்த அனுபவத்தால். அதை அப்படியே எடுத்துப் புற்றுநோயாளரிடம் சொன்னால் கொடுமை; எச்சரிக்கும் வலி வேறு, எச்சரித்து முடித்த பிறகும் நிற்காத வலி வேறு. 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளர் கைகளை அறுவை செய்தார். விபத்து அவர் தேர்ந்ததல்ல, அதற்குப் பின் செய்ததெல்லாம் அவர் தேர்ந்தது. இரண்டையும் கலந்து ‘கடவுள் இதற்காகத்தான் விபத்தை அனுமதித்தார்’ என்று ஒருவர் முடிப்பார், கவனியுங்கள். யோபுவின் நண்பர்கள் மறுபடி வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

வேப்பேரிக்காரர்கள் குழுவில் இருந்தால் ஃபப்ரீஷியஸைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்து, வேப்பேரி அச்சகத்தில் அகராதி அச்சிட்டவர். நம்பிக் கொடுத்த பணம் திரும்பாமல் போய், முதுமையில் கடனுக்காகச் சிறையில் கிடந்தார். இதை யாரும் சிலுவை என்று சொல்ல மாட்டார்கள். பணக் கணக்கில் ஏமாந்தது. ஆனால் அவரது துன்பமும் துன்பம்தான்.

ஆறாம் வாரத்துக்கு இரண்டு. ஒன்று பாமாவின் ‘கருக்கு’ (1992): கன்னியர் மடத்துக்குப் போய்த் திரும்பிய ஒரு தலித் கத்தோலிக்கப் பெண்ணின் குரல். பொறுமையாக இரு, தாழ்ச்சியாக இரு என்ற போதனை யாரிடம் மட்டும் சொல்லப்படுகிறது என்று அது கேட்கிறது. இரண்டு, தஸ்தயெவ்ஸ்கியின் கரமாஸவ் சகோதரர்களில் ஐந்தாம் புத்தகத்தின் நான்காம் அத்தியாயம், ‘கலகம்’. ஒரு குழந்தையை நாய்களை ஏவிக் கொன்றவனை அந்தத் தாய் மன்னிக்கலாமா? தன் துயரத்துக்காக மன்னிக்கலாம், குழந்தை பட்டதை மன்னிக்க அவளுக்கு உரிமையில்லை என்கிறான் இவான். 1999இல் ஒடிசாவில் தன் கணவரையும் இரு மகன்களையும் எரித்துக் கொன்றவர்களை மன்னித்ததாக கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் சொன்னதை இங்கே யாராவது எடுப்பார்கள். அந்த மன்னிப்பு வழக்கை நிறுத்தவில்லை. முதன்மைக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதிசெய்தது. மன்னிப்பும் சட்டமும் ஒன்றையொன்று தடுக்காமல் போக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

நடத்தும் முறை: 90 நிமிடம். முதல் 20 நிமிடம் சத்தமாக வாசிப்பு, 3 நிமிடம் மௌனம், பிறகு பேச்சு. ஒருவர் ஒரு தடவைக்கு மூன்று நிமிடம். 12 பேருக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள். போதகரோ பங்குத்தந்தையோ வந்தால் வட்டத்தில் ஒருவராக உட்காரட்டும்; கடைசியில் முடிவுரை சொல்லச் சொன்னால் ஆறு வாரக் கேள்வியும் ஐந்து நிமிடத்தில் மூடிவிடும்.

அண்மையில் வீட்டில் இழப்பு கண்டவர் குழுவில் இருந்தால் யோபு வாரத்துக்கு முன்பே தனியாகச் சொல்லிவிடுங்கள், வருவதும் வராததும் அவர் விருப்பம். ‘என் கணவர் அடிக்கிறார், சிலுவையைச் சும என்கிறார்கள்’ என்று ஒரு பெண் சொன்னால் வாசிப்பை அங்கேயே நிறுத்துங்கள். அது பலியாக்கப்படுவது, தியாகம் அல்ல. அவருக்கு வேண்டியது பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181. சேர்ந்து உபவாசம் இருப்பதென்றால் நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சேரக் கூடாது. கத்தோலிக்க விதியே சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான் ஒருவேளை முழு உணவு என்கிறது, அதுவும் 18 முதல் 59 வயதுவரை, நோயாளிக்கு விலக்கோடு.

கடைசி அமர்வைச் சங்கீதம் 88ஐ வாசித்து முடியுங்கள். மற்ற முறையீட்டுச் சங்கீதங்களில் கடைசியில் ஒரு திருப்பம் வரும். இதில் வராது, எபிரேயத்தில் கடைசிச் சொல்லே இருள். வாசிப்பவர் ஆறுதலாக எதையும் சேர்க்காமல் புத்தகத்தை மூடட்டும். கையில் பழைய கத்தோலிக்கப் பதிப்பு இருந்தால் எண் மாறும்: அதில் இது 87.